புதுப்பிப்பு: விளிம்பில் பெயர் இல்லாத போர்ப் பதக்கம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் பதக்கம் ஒன்றின் விளிம்பு வெறுமையாக இருப்பதால் அது போலியோ என்று இங்கே கேட்டிருந்தேன். போலி இல்லை, என் ஐயம்தான் தவறான இடத்திலிருந்து கிளம்பியது.

முதல் உலகப் போருக்கான வெள்ளிப் பதக்கத்தைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அதன் விளிம்பில் வீரரின் எண், பதவித்தரம், பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு எழுத்துகளில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். அதே போருக்கான நட்சத்திர வடிவப் பதக்கமான 1914-15 நட்சத்திரத்தில் அவை பின்புறத்தில் இருக்கும். ஆனால் 1945-க்குப் பின் பிரிட்டிஷ் அரசு, இரண்டாம் உலகப் போருக்கான 1939-45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம் ஆகியவற்றைத் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தம் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன.

என்னிடமுள்ள போர்ப் பதக்கத்தின் முன்புறம் முடிசூடிய ஆறாம் ஜார்ஜ், பின்புறம் இருதலை டிராகன் மீது நிற்கும் சிங்கம். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிப் பார்த்தாலும் ஓர் எழுத்துகூட இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

பிரிட்டிஷ் வீரருடைய இத்தகைய பதக்கத்தில் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் குடும்பத்தார் நகைக்கடையில் பின்னர் செதுக்கியதாக இருக்கும். அதே போரில் வீரத்துக்காக வழங்கப்பட்ட மிலிட்டரி மெடல் போன்ற பதக்கங்களின் விளிம்பிலோ பெயர் உண்டு. ஆகவே என் பதக்கம் யாருடையது என்பதை, அஞ்சலில் வந்த அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருந்த முகவரிதான் சொல்லியிருக்க முடியும். அந்தப் பெட்டி என்னிடம் வந்து சேரவில்லை.