சார்பட்டாவின் இரண்டாம் பாதி தளர்கிறதா? வீட்டில் பார்த்த படங்களும் மதிப்பெண்களும்

தண்டையார்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். 2020-இல் அகஸ்தியா திரையரங்கம் மூடப்பட்ட பிறகு, எங்கள் வீட்டில் படம் பார்ப்பது பெரும்பாலும் கூடத்தில் உள்ள தொலைக்காட்சியில்தான் என்றாகிவிட்டது. வடசென்னையைக் களமாகக் கொண்ட படங்களையும், வெளியானபோது தவறவிட்ட வேறு சில படங்களையும் நானும் என் கணவரும் அண்மையில் வரிசையாகப் பார்த்தோம். ‘வட சென்னை’ ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அத்தையும் உடன் அமர்ந்தார். பத்துக்கு நான் அளித்த மதிப்பெண்களைக் காரணத்தோடு கீழே எழுதுகிறேன். கதைகளின் திருப்பங்களும் பேசப்படும் என்பதால், படங்களைப் பார்க்காதவர்கள் அதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

‘காக்கா முட்டை’க்கு 9. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் படத்தில், தண்டவாளத்தோரம் கரி பொறுக்கும் இரண்டு சிறுவர்களின் ஆசையை ஓரிடத்திலும் அழுகையாக மாற்றாமல் மணிகண்டன் கொண்டுசெல்கிறார். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதோடு அந்தச் சிறுவர்கள் இருவருக்கும் நடிப்புக்கான விருது கிடைத்தது மிகவும் பொருத்தமே.

‘லப்பர் பந்து’க்கு 8.5. வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்த படம் இதுதான். மட்டையைப் பிடித்தால் யாருக்கும் அஞ்சாத கெத்து, மனைவி யசோதாவின் முன் வாய் திறக்கத் தயங்கும் காட்சிகளில் தினேஷும் சுவாசிகாவும் எங்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு தம்பதியைப் போலவே இருந்தார்கள். ‘இறுதிச்சுற்று’க்கு 6.5, ரித்திகா சிங் இல்லையென்றால் இன்னும் குறைத்திருப்பேன். ‘மெட்ராஸ்’ படத்துக்கு 7.5. நாயகன் காளியின் நண்பன் அன்பு கொல்லப்படும் வரை அசையாமல் பார்த்தோம். அதன் பிறகு படம் வழக்கமான பழிவாங்கும் கதையாகச் சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

‘வட சென்னை’க்கு 7 கொடுத்திருக்கிறேன், ஆனால் அந்த மதிப்பெண் எனக்கே உறுதியாக இல்லை. ஆண்டுகள் முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருந்ததால், யார் யாருக்கு எப்போது பகையானார்கள் என்பதைப் பின்தொடரவே பாதிக் கவனம் போய்விட்டது.

நான் முதன்மையாகக் கேட்க விரும்புவது, வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் (குழுக்களைப்) பற்றிய ‘சார்பட்டா பரம்பரை’ பற்றி. நாயகன் கபிலனும் டான்சிங் ரோசும் மோதும் வரையிலான பகுதிக்கு 10 கொடுக்கலாம். வேம்புலியுடனான போட்டி கலவரத்தில் சிதைந்த பிறகு படம் வேறு யாரோ எடுத்ததைப் போலத் தளர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. சாராயம், குடி, தொந்தி, பின்னர் கடற்கரையில் ஒரு பயிற்சி, உடனே வெற்றி என்று எல்லாம் அடுத்தடுத்து நடந்துவிடுகின்றன. மொத்தமாக 7 கொடுத்தேன். இது படத்தின் குறையா, அல்லது இடையிடையே நிறுத்தி நிறுத்தி வீட்டில் பார்த்ததால் நேர்ந்த குறையா என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்மண்டபத்தார்:

அம்மா, வணக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் படத்தின் காலத்தில் சிறுவனாக இருந்தவன் என்ற முறையில், உங்கள் மதிப்பெண்ணோடு உடன்பட என்னால் இயலவில்லை. என் மதிப்பெண் 9. அதிலும் இரண்டாம் பாதிக்காகவே அவ்வளவு கொடுக்கிறேன்.

முதல் பாதி ஒரு விளையாட்டுப் படம். நன்றாக எடுக்கப்பட்ட விளையாட்டுப் படம். இரண்டாம் பாதியில்தான் அந்த விளையாட்டை எது தாங்கி நின்றது என்பதும், அது விலக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிகிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. படத்தில் கபிலன் வெற்றிக்கு மிக அருகில் இருக்கும் நேரத்தில் அந்தச் செய்தியும் காவல்துறையும் ஒன்றாக வந்துசேர, கட்சிக்காரரான ரங்கன் வாத்தியார் கைதாகிறார். வாத்தியார் என்பவர் குத்து சொல்லிக்கொடுப்பவர் மட்டுமல்லர். பையன் எத்தனை மணிக்கு எழுகிறான், யாரோடு திரிகிறான், வீட்டில் அம்மாவை எப்படி நடத்துகிறான் என்பதெல்லாம் அவர் பார்வையில் இருந்தன. அவர் இல்லாத பரம்பரையில் பையன்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இயக்குநர் ரஞ்சித் தரும் விடைதான் உங்களுக்குத் தளர்வாகத் தெரிகிறது. வாத்தியாராக நடித்த பசுபதி திரையில் இல்லாத காட்சிகளில் படமே சோர்ந்து தெரிகிறதென்றால், அந்த இழப்பு பார்ப்பவருக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் நான் கொள்கிறேன்.

சாராயக் காட்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1971-இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு, 1974-க்குள் மீண்டும் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே படம் நடக்கும் ஆண்டுகளில் சாராயம் என்றால் அது கள்ளச் சாராயம்தான். அதைக் காய்ச்சவும் கடத்தவும் காவல் காக்கவும் உடல் வலுவுள்ள இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். குத்துச்சண்டைக்காரனின் கைகளுக்கு மேடை இல்லாமல் போனதும் அடுத்து யார் விலை பேசுவார்கள் என்பது அன்று எங்கள் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கபிலனின் தந்தைக்கும் ஏறத்தாழ அதுவே நேர்ந்தது என்பதால்தான் தாய் பாக்கியம் முதல் காட்சியிலிருந்தே விளக்குமாற்றோடு நிற்கிறாள். அவளுடைய அச்சம் வீண் அச்சமல்ல என்று காட்ட, மகன் விழுந்தே ஆக வேண்டும். பாக்கியமாக வரும் அனுபமா குமாரின் நடிப்பை இரண்டாம் பாதியை மனத்தில் கொண்டு மறுபடி பார்த்தால், முதல் பாதியில் அவர் போடும் கூச்சலுக்கே வேறு பொருள் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. 2021 ஜூலை 22 அன்று இந்தப் படம் திரையரங்குக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது. கூட்டத்தின் கூச்சலுக்காகவே எடுக்கப்பட்ட போட்டிகளை நாம் எல்லோரும் முதன்முதலில் வீட்டுக்குள்தான் பார்த்தோம். ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்தை, கலவரத்தில் போட்டி முறியும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்தவர்கள் பலர். திரும்பி வந்து அமரும்போது சினம் ஆறிப்போயிருக்கும். எதற்காக இவன் இப்படிக் குடிக்கிறான் என்று தோன்றும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால், வேம்புலியோடு மோதும் போட்டி தொடங்கும் முன் நிறுத்திவிட்டு, அந்தப் போட்டியிலிருந்து இறுதி வரை ஒரே மூச்சில் பாருங்கள்.

என் தந்தை என்னைக் கண்ணப்பர் திடலுக்குக் குத்துச்சண்டை பார்க்க அழைத்துச் சென்றிருக்கிறார். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் ஆடியபோது இந்தப் பக்கமே திரண்டது. அந்த ஆர்வத்தை உடையிலும் நடையிலும் பேச்சிலும் இவ்வளவு அக்கறையோடு திரைக்குக் கொண்டுவந்த படத்துக்கு 7 என்பது மிகக் குறைவு.

வியாசைப்பந்து:

கல்மண்டபத்து ஐயா சொன்னதை வரவேற்கிறேன். ஆனால் இரண்டாம் பாதியின் வேகத்தைப் பற்றி அக்கா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கபிலன் விழுவதற்குப் படம் போதிய நேரம் கொடுக்கிறது, எழுவதற்குக் கொடுக்கவில்லை. பீடி ராயப்பனிடம் அவன் கற்றுக்கொள்ளும் காட்சிகள் படத்தின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. கடலோரத்து உழைப்பிலிருந்தே ஓர் ஆட்டமுறையைக் கண்டெடுப்பது வேறு எந்தக் குத்துச்சண்டைப் படத்திலும் நான் பார்க்காதது. அதைப் பாட்டோடு பாட்டாகக் கடந்துவிட்டார்கள். என் மதிப்பெண் 8.

நான் எழுத வந்தது ‘மெட்ராஸ்’ பற்றி. 7.5 என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை, 9 கொடுப்பேன். வியாசர்பாடியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது கதையே அல்ல. ஹவுசிங் போர்டு படிக்கட்டில் யார் எந்தப் படியில் உட்காருவார்கள், தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்ணுக்கு எப்படி வழிவிடுவார்கள், கால்பந்தாட்டம் முடிந்த பிறகு யார் யாரைக் கேலி செய்வார்கள் என்பதெல்லாம் சற்றும் பிசகாமல் வந்திருக்கின்றன. 2014-க்கு முன்பு வந்த பெரும்பாலான படங்களில் எங்கள் பகுதி என்றால் கையில் கத்தியோடு ஓடுகிறவர்கள்தான். கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வரும் காளியைப் போன்றவர்கள் எங்களோடு எப்போதும் இருந்தார்கள், திரையில்தான் இல்லை.

அன்பு இறந்த பிறகு படம் வழக்கமான பாதைக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கானா பாலா பாடும் அந்தச் சாவுப் பாட்டை மட்டும் தனியே மறுபடி பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு வீட்டில் ஊரே எப்படி நிற்குமோ அப்படியே கேமரா நிற்கிறது. அதன் பிறகு காளி செய்வது பழிவாங்கல் மட்டுமல்ல. இறுதியில் அவன் நீல வண்ணத்தை வீசுவது, அரசியல் தலைவரின் முகம் வரையப்பட்ட அந்தச் சுவரின் மீது. ஆளைக் கொல்வதோடு படம் முடிந்திருந்தால் நீங்கள் சொன்னது சரியாகியிருக்கும். சுவரில் யாருடைய முகம் இருக்க வேண்டும் என்பதற்காகப் பல உயிர்கள் போன பிறகு, அந்த முகத்தையே இல்லாமல் செய்வதுதான் படத்தின் முடிவு.

ஒரு சிறு வேண்டுகோள்: ‘காக்கா முட்டை’ அருமையான படம், அதற்கு நானும் 9 தருவேன். ஆனால் அந்தக் கதை சைதாப்பேட்டைப் பக்கம் நடப்பது. வடசென்னைப் படங்களின் வரிசையில் அதையும் சேர்த்துவிட வேண்டாம்.

காசிமேட்டுக்காரி:

‘வட சென்னை’யைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன். அதற்கு நான் தரும் மதிப்பெண் 9.5.

அக்கா, நீங்கள் குழப்பம் என்று சொன்ன அந்தக் காலவரிசை, வீட்டில் பார்ப்பவர்களுக்கு உண்மையில் வசதியானது; திரையரங்கில் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க முடியாது, இங்கே முடியும். இரண்டு மரணங்களைக் குறித்துக்கொண்டால் போதும். 1987-இல் எம்.ஜி.ஆர். மறைவு, 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலை. முதலாவதை ஒட்டித் தொடக்கத்து உணவகக் காட்சி வருகிறது. இரண்டாவதன்போது நடக்கும் சூறையாடலில்தான் இந்தப் படத்தின் நாயகன் அன்புவும் நாயகி பத்மாவும் அறிமுகமாகிறார்கள். சிறைக் காட்சிகளெல்லாம் அதற்குப் பிந்தியவை. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால், நால்வர் இரத்தக் கறையோடு அமர்ந்திருக்கும் அந்த முதல் காட்சியிலேயே முழுக் கதையும் இருப்பது விளங்கும். அவர்கள் கொன்ற ராஜன் யார் என்று தெரிந்த பிறகு அதே காட்சியை நான் மறுபடி பார்த்தேன். முதல் முறை கேட்காத பல சொற்கள் அப்போது காதில் விழுந்தன.

படம் உண்மையில் ராஜனின் மனைவி சந்திராவினுடையது என்பது என் கருத்து. ஆண்கள் எல்லோரும் அடுத்த நாளை மட்டுமே யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஆண்ட்ரியா நடித்த அந்தப் பெண் ஒருத்தி மட்டும் ஆண்டுக்கணக்கில் யோசிக்கிறாள். காத்திருப்பதை இவ்வளவு அமைதியாக முகத்தில் தாங்கிய நடிப்புக்கு அன்று போதிய பாராட்டு கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அன்புவின் கையில் உள்ள ஸ்ட்ரைக்கரை வெறும் அலங்காரமாகச் சிலர் எண்ணுகிறார்கள். இந்தப் பகுதியின் சந்துகளில் கேரம் எவ்வளவு தீவிரமாக ஆடப்படுகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா இந்த வடசென்னைப் பெண்தான், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வெற்றிமாறன் கேரம் பலகையைக் கதையின் நடுவில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

சாலைக்காகவும் துறைமுகத்துக்காகவும் கரையை விட்டுப் போகச் சொல்லும் பேச்சு, எங்கள் குப்பத்தில் படத்துக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. அதைத் திரையில் கேட்டபோது என் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம். வசை நிறைய உண்டு. பிள்ளைகள் உறங்கிய பிறகு பார்ப்பதே நல்லது.

‘இறுதிச்சுற்று’க்கு நானும் 6.5-தான். மீன் விற்கிற பெண் ஒருத்தி குத்துச்சண்டைக்கு வருகிறாள் என்று சொல்லிவிட்டு, மீன் விற்பதைச் சரியாகக் காட்டவே இல்லை.

கல்மண்டபத்தார்:

காசிமேட்டு மகள் சொன்ன இரண்டு ஆண்டுகளையும் நானும் குறித்துக்கொண்டேன். ‘வட சென்னை’யைப் பாதியில் விட்டவன் நான், இனி முழுதாகப் பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டைவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடியே ‘சார்பட்டா’வை வேம்புலி போட்டியிலிருந்து இறுதி வரை நிறுத்தாமல் பார்த்தோம். மதுவிலக்குச் செய்தியை அத்தையிடம் சொன்னபோது, தம் பிறந்த வீட்டுத் தெருவில் நடந்ததையெல்லாம் அவர் விரிவாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவருடைய மதிப்பெண் 9 என்று உங்களிடம் தெரிவிக்கச் சொன்னார்.

என்னுடையது 8. வாத்தியார் இல்லாத வெறுமை இந்த முறை எனக்கும் உறைத்தது. மாரியம்மாள் பசியோடும் கோபத்தோடும் கணவனிடம் மல்லுக்கு நிற்கும் காட்சிகளில் துஷாரா விஜயன் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்பதும் நிறுத்தாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆயினும் ராயப்பன் பகுதியைப் பற்றித் தம்பி வியாசைப்பந்து சொன்னதே என் நிலையும். அந்தப் பயிற்சிக்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கி, இறுதிப் போட்டியில் அதே நேரத்தைக் குறைத்திருக்கலாம். ‘மெட்ராஸ்’ படத்தின் சாவுப் பாட்டையும் மறுபடி பார்த்தேன். 8-க்கு உயர்த்துகிறேன், 9 தர இயலாது.

‘வட சென்னை’யை இந்தச் சனிக்கிழமை இரவு மறுபடி பார்க்கவிருக்கிறோம். மதிப்பெண்ணை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே எழுதுகிறேன்.