அப்பாவுக்கு தொண்டைல கரன்ட் வைக்கப் போறாங்க, அதுக்கு எதுக்கு பல்லு புடுங்கணும்?

மேலூர்_கார்த்தி

வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, வலது பக்கம் டான்சில்ல கேன்சர், கழுத்துல அதே பக்கம் ஒரு நெறிகட்டி. ஆபரேஷன் வேணாம், 35 சிட்டிங் கரன்ட் (ரேடியேஷன்), கூடவே வாரா வாரம் கீமோனு முடிவு பண்ணிட்டாங்க. குணமாகற கேசு தான்னு டாக்டரம்மா தைரியமாவே சொன்னாங்க. எனக்கு என்ன குழப்பம்னா, கேன்சர பத்தி பத்து நிமிஷம் தான் பேசினாங்க, அப்புறம் முக்கால் மணி நேரம் எச்சில், பல்லு, முழுங்கறது, வாய் தொறக்கறது, தைராய்டுனு அஞ்சு வருஷம் கழிச்சு வரப்போறத பத்தியே பேசறாங்க. பல் டாக்டர் கிட்ட அனுப்பினா அவரு கடவாய்ப் பல்லு அஞ்ச எடுக்கணுங்கறாரு, அது ஆறட்டும்னு கரன்ட் ஆரம்பிக்கறதையே ரெண்டு வாரம் தள்ளி வச்சிருக்காங்க. அப்பா வீட்டுக்கு வந்து ஒரே சத்தம், நோய் தொண்டையில இருக்கு, பல்ல எதுக்குடா புடுங்கறான்னு. எனக்கே பதில் தெரியல. சொந்தக்காரர் ஒருத்தர் சென்னைல புரோட்டான்னு வேற மாதிரி கதிர் வைக்கற மிஷின் இருக்கு அங்க போனா ஒண்ணுமே ஆகாதுங்கறாரு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சேகர்_தஞ்சை

தம்பி, மொதல்ல அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வா. எனக்கு 2008ல அடிநாக்குல வந்துச்சு, கோபால்ட் மிஷின், ரெண்டு பக்கமும் நேரா வச்சு அடிச்சாங்க. நோய் போயிருச்சு, இன்னிக்கு வரைக்கும் திரும்பல, அதுல எனக்கு குறையே இல்ல. ஆனா எச்சில் போச்சு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் தலைமாட்டுல தண்ணி பாட்டில் இல்லாம படுக்க முடியாது, ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு நாக்க நனைக்கணும். இட்லிய சாம்பார்ல முங்க விட்டா தான் எறங்கும், முறுக்கு சீடையெல்லாம் தீபாவளிக்கு பாக்கறதோட சரி. கல்யாண பந்தில உக்காந்தா பக்கத்து ஆளு பாயாசத்துக்கு போயிருவாரு, நான் அப்பதான் சாம்பார் சாதத்துல பாதில இருப்பேன்.

பல்லு விஷயம் கேளு. எனக்கு முன்னாடி யாரும் ஒண்ணும் சொல்லல. எச்சில் இல்லாததால மூணே வருஷத்துல பல்லெல்லாம் ஈறு ஓரமா சொத்த புடிச்சு ஒடைய ஆரம்பிச்சுது. வலி தாங்காம தெரு முனைல ஒரு கிளினிக்ல போய் புடுங்கிட்டேன், கரன்ட் வச்சவன்னு சொல்லணும்னு எனக்கும் தெரியல, அவரும் கேக்கல. அந்த புண்ணு எட்டு மாசம் ஆறல, உள்ள எலும்பு வெள்ளையா தெரியும். கடைசில தாடை எலும்ப கொஞ்சம் சொரண்டி எடுத்தாங்க. அப்பா கிட்ட இத அப்படியே படிச்சு காட்டு.

கோவை_ரேடியேஷன்_டாக்டர்

நான் இந்த வேலைல தான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். கரன்ட்னு ஊர்ல சொல்றதால பல பேரு ஷாக் அடிக்கும்னே நினைச்சு வராங்க, இது எக்ஸ்ரே கதிர் தான், பவர் மட்டும் ரொம்ப அதிகம், உள்ள போறது எதுவும் தெரியாது.

சேகர் அண்ணன் சொன்னது தான் பல்லுக்கான பதில். தாடை எலும்புக்கு கதிர் பட்டா ரத்த ஓட்டம் கொறஞ்சிரும், அதுக்கப்புறம் பல்ல புடுங்கினா புண்ணு ஆறாம எலும்பே செத்துப்போற வாய்ப்பு இருக்கு. அதான் நிக்காதுன்னு தெரியற பல்ல முன்னாடியே எடுத்துட்டு ரெண்டு வாரம் ஆற விடறது. மிச்ச பல்லுக்கு புளூரைடு தினமும், ஆயுசுக்கும். பின்னாடி எந்த பல் டாக்டர் கிட்ட போனாலும் வாய தொறக்கறதுக்கு முன்னாடி கரன்ட் வச்சிருக்குனு சொல்லணும்.

எச்சிலுக்கு வரேன். காதுக்கு கீழ ரெண்டு பக்கமும் பரோட்டிட்னு ஒரு சுரப்பி, சாப்பிடறப்போ வர தண்ணி மாதிரி எச்சில் பெரும்பாலும் அங்கேந்து தான். அதுக்கு விழற சராசரி டோஸ் 26 கிரேக்கு (கிரேங்கறது கதிர் டோஸ அளக்கற அலகு) கீழ இருந்தா கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும், ரொம்ப மேல போனா வராது. கட்டிக்கு குடுக்கறது 70 கிரே, கட்டிக்கும் சுரப்பிக்கும் நடுவுல சில சமயம் ஒரு விரல் அகலம் கூட இருக்காது. பழைய முறைல ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி அடிச்சப்போ சுரப்பிய ஒதுக்கவே முடியல. ஐஎம்ஆர்டினு, பல கோணத்துலேந்து பலத்த கூட்டி கொறச்சு அடிக்கற முறை வந்தப்புறம் கதிர வளைச்சு ஒதுக்க முடியுது. இங்கிலாந்துல கிறிஸ்டோபர் நட்டிங் குழு 94 பேர வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு பாத்தாங்க, பார்ஸ்போர்ட்னு பேரு, 2011ல வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு நல்லா தெரியற அளவுக்கு வாய் காய்ஞ்சவங்க பழைய முறைல 74 சதவீதம், ஐஎம்ஆர்டில 38. அப்பயும் நூத்துக்கு 38 பேருக்கு இருக்கு பாருங்க, அதனால ஒண்ணுமே ஆகாதுனு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா பாதியா கொறஞ்சிருக்கு.

அப்புறம் 2023ல டார்ஸ்னு ஒரு ஆராய்ச்சி, அதே குழு தான், தொண்டையில முழுங்கற தசைய ஒதுக்கி பிளான் போட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு முழுங்கறது மத்தவங்கள விட நல்லா இருந்துச்சு.

இதுக்கு பின்னாடி உள்ள வேலை உங்களுக்கு வெளிய தெரியாது. சிடி ஸ்கேன்ல மூணு மில்லிமீட்டருக்கு ஒரு படம்னு நூத்துக்கும் மேல இருக்கும். ஒவ்வொண்ணுலயும் கட்டி, சுரப்பி, தாடை, தண்டுவடம், உள் காது, முழுங்கற தசைனு கலர் கலரா நாங்க கையால கோடு போடணும், இப்ப கம்ப்யூட்டரும் போட்டு குடுக்குது, ஆனா திருத்தாம விட முடியாது. போன வாரம் ஒரு பிளான் வந்துச்சு, நோய் இல்லாத பக்கத்து பரோட்டிட்ல 31 கிரே. டோஸ் கணக்கு போட்டு பிளான் செய்யற பிசிசிஸ்ட் தம்பி நல்லா இருக்கு மேடம்ங்கறான். திருப்பி அனுப்பிட்டேன். மூணாவது தடவ 24க்கு வந்துச்சு, அன்னிக்கு சாயங்காலம் அவன் என் கூட பேசல. உங்க அப்பாவுக்கு நோய் இருக்கற வலது பக்கம் நாங்க விட்டுக் குடுக்க முடியாது, அங்க ஒதுக்க போய் நோய் திரும்பிட்டா என்ன பிரயோஜனம், இடது பக்க சுரப்பிய தான் காப்பாத்த பாப்போம். அதனால அந்த பரோட்டிட்டுக்கு சராசரி டோஸ் எவ்வளவுனு கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

புரோட்டான் பத்தி. தரமணில 2019லேந்து அப்போலோவுல இருக்கு. அந்த கதிர் குறிப்பிட்ட ஆழத்துல போய் நின்னுரும், தாண்டி போகாது, வளர்ற குழந்தைங்களுக்கு அது பெரிய லாபம். அப்பாவுக்கு நல்லா போட்ட ஐஎம்ஆர்டி போதுங்கறது என் கருத்து, நிலத்த வித்து ஓட வேண்டாம்.

எடை கொறையாம பாத்துக்கங்க. முகத்துக்கு செய்யற மாஸ்க் முதல் வாரம் தோலோட ஒட்டி இருக்கும், நாலாவது வாரம் கன்னம் ஒட்டிப்போனா உள்ள விரல் போற அளவுக்கு லூசாயிரும், சுரப்பியும் நகர்ந்து டோஸ் படற எடத்துக்கு வந்துரும், அப்ப திரும்ப ஸ்கேன் எடுத்து பிளான் மாத்தணும். மூக்குல டியூப் போட்டாலும் தினம் நாலு வாய் தண்ணியாவது முழுங்கணும், முழுங்கறத நிறுத்தினா தசை மறந்துரும். கீமோ மருந்து சிஸ்பிளாட்டின்னா அது காத பாதிக்கலாம், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு காது டெஸ்ட் எடுத்து வைங்க. முடிஞ்சப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா தைராய்டுக்கு டிஎஸ்எச் ரத்த டெஸ்ட்.

விஜி_திருச்சி

தலைப்புக்கு கொஞ்சம் வெளிய, மன்னிச்சுக்கங்க. எனக்கு இடது மார்புல கேன்சர். மூச்ச நல்லா இழுத்து இருபது செகண்ட் புடிச்சுக்கோங்க, நெஞ்சு கூட்டுலேந்து இதயம் வெலகும், அப்ப தான் மிஷின் ஓடும்னாங்க. வீட்ல பாயில படுத்து பழகினேன், என் பொண்ணு ஒண்ணு ரெண்டுனு எண்ணுவா. இதயத்துக்கு எவ்ளோ டோஸ்னு கேட்டேன், ஒரு கிரேக்கு 7 சதவீதத்துக்கு மேல ஹார்ட் ரிஸ்க் ஏறும்னு சுவீடன், டென்மார்க்ல பாத்திருக்காங்கனு சொன்னாங்க. பயந்துட்டேன். அது ஏற்கனவே உங்களுக்கு இருக்கற ரிஸ்க்ல 7 சதவீதம்மா, நூத்துல 7 பேருக்கு வரும்னு இல்லன்னு பொறுமையா வெளக்கினாங்க. இத டாக்டர் சொல்லாம நெட்ல படிச்சிருந்தா தூக்கமே போயிருக்கும்.

மேலூர்_கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. சேகர் அண்ணா எழுதினத அப்பாவுக்கு சத்தமா படிச்சேன், பந்தி விஷயம் வந்தப்போ சிரிச்சாரு, எலும்பு வந்தப்போ பேச்சில்ல. இன்னிக்கு மூணு பல்லு எடுத்தாச்சு, வியாழக்கிழமை மிச்சம் ரெண்டு. வாய் தொறக்க ஐஸ்கிரீம் குச்சி வச்சு பயிற்சினு சொன்னாங்களே, அது எத்தன குச்சி?

சேகர்_தஞ்சை

இப்பவே, நல்லா இருக்கும்போதே, எத்தன குச்சி அடுக்கி பல்லுக்கு நடுவுல போகுதுனு எண்ணி காலண்டர்ல எழுதி வை. அந்த எண்ணிக்கை கொறைய விடக்கூடாது, காலைலயும் ராத்திரியும். எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லல, இப்ப மூணு விரலுக்கு பதிலா ஒண்ணரை விரல் தான் போகுது. பல்லு எடுத்த புண்ணு ஆறினப்புறம் ஆரம்பிங்க, இன்னிக்கே வேணாம்.