தேனுவுக்கு எந்தக் காலேஜ்? – பாளையங்கோட்டை வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிறு

காலை 7:14 – அம்மா: எல்லாருக்கும் காலை வணக்கம். தேனுவுக்கு ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கவுன்சிலிங் நெருங்கிட்டு. மூணு காலேஜ் நோட்டீஸ் கையில இருக்கு. மூணுலயும் நாக் ஏ ப்ளஸ் ப்ளஸ், என்.பி.ஏ., ஏபெட்னு ஏதோ தரச் சான்று பேரெல்லாம் பெருசு பெருசா போட்டிருக்கு. வாசுகி, நீ காலேஜ்ல பாடம் எடுக்கிறவ, இதெல்லாம் என்னடி? எதைப் பாத்துச் சேக்க?

காலை 7:20 – பெரியப்பா: சாந்தி, அதெல்லாம் வாசல்ல போர்டு வைக்கத்தான். நாங்க படிக்கையில எந்த நாக் வந்துச்சு? வாத்தியார் ஒழுங்கா வாராரா, லேப் திறந்திருக்கான்னு பாரு. போதும்.

காலை 7:23 – பெரியப்பா: 2025 பிப்ரவரியில பேப்பர்ல பாத்தேல்ல? ஆந்திராவுல ஆய்வுக்குப் போன நாக் குழுத் தலைவரையே லஞ்ச வழக்குல சி.பி.ஐ. கைது பண்ணுச்சு. அந்த கிரேடை நம்பியா பிள்ளையச் சேக்க?

காலை 7:41 – செல்வா அண்ணா: அப்பா, வாத்தியார் முக்கியம்தான். ஆனா அந்தச் சான்றோட அருமை எனக்கு மெல்போர்ன் வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

காலை 7:49 – செல்வா அண்ணா: 2018ல நான் மெக்கானிக்கல் முடிச்சப்போ எங்க டிபார்ட்மென்டுக்கு என்.பி.ஏ. கிடையாது. இங்கயே நிரந்தரமா தங்குற பி.ஆர். அனுமதிக்காக, வெளிநாட்டு இன்ஜினியர் படிப்பைச் சரிபாக்குற இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாகிட்ட என் படிப்பைக் கொடுத்தா, நீ இன்ஜினியர்தான்னு நீயே எழுதிக் காட்டுன்னு சொல்லிட்டாங்க. மூணு கட்டுரை, ஒவ்வொண்ணும் ஆயிரம் வார்த்தைக்குக் குறையக் கூடாது. எந்த வேலையில என்ன கணக்குப் போட்டேன், ஏன் அந்த பேரிங்கை எடுத்தேன், எல்லாம் எழுதணும். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து அஞ்சு மாசம் எழுதினேன். பழைய கம்பெனி மேனேஜர்கிட்ட ஒரு லெட்டருக்கு எத்தனை போன்! கூட ரூம்ல இருந்தவன் அதே 2018தான். டிகிரி, மார்க் ஷீட்டைக் கொடுத்தான், கட்டுரையே கேக்கல.

காலை 7:52 – பெரியப்பா: இதை ஏன்டா அப்ப எங்ககிட்ட சொல்லல?

காலை 7:53 – செல்வா அண்ணா: நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்பா.

காலை 8:05 – தேன்மொழி: அண்ணா, அந்த அண்ணாவுக்கு மட்டும் எப்படி?

காலை 8:30 – வாசுகி சித்தி: இப்பத்தான் போனைப் பாத்தேன். தேனு, வாஷிங்டன் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு. 1989ல அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆறு நாடும், உன் பொறியியல் படிப்பை நான் ஒத்துக்கறேன், என்னோடதை நீ ஒத்துக்கோன்னு போட்டது. 2014 ஜூன்ல இந்தியா அதுல நிரந்தர உறுப்பினர் ஆச்சு. நம்ம பக்கத்துல இருந்து கையெழுத்துப் போட்டது, படிப்புகளுக்குத் தரச் சான்று தர்ற நம்ம நாட்டு அமைப்பான என்.பி.ஏ. அந்த ரூம் பையனோட படிப்பு, அந்த உடன்படிக்கைப்படி ஒத்துக்கிட்ட படிப்புகள்ல ஒண்ணா இருந்திருக்கும்.

காலை 8:34 – வாசுகி சித்தி: ஒண்ணைக் கவனிங்க. நாக்கும் நம்ம நாட்டுத் தரச் சான்று அமைப்புதான், ஆனா அது மொத்த நிறுவனத்தையும் பாக்கும். என்.பி.ஏ. ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியா பாக்கும். அதே காலேஜ்ல மெக்கானிக்கலுக்கு இருக்கும், ஈ.சி.ஈ.க்கு இருக்காது. அதுலயும் டயர் 1, டயர் 2ன்னு ரெண்டு வகை. பல்கலைக்கழகங்களும், பாடத்திட்டம், பரீட்சையைத் தானே நடத்துற தன்னாட்சி காலேஜுகளும் டயர் 1ல போகலாம், தன்னாட்சி இல்லாத காலேஜுக்கு டயர் 2. வாஷிங்டன் உடன்படிக்கை செல்லுறது டயர் 1க்கு மட்டும்தான். நோட்டீஸ்ல யாரும் இதைப் போட மாட்டாங்க.

காலை 8:36 – அம்மா: ஐயோ, இவ்வளவு இருக்கா. அந்த ஏபெட்?

காலை 8:37 – வாசுகி சித்தி: அது அமெரிக்க அமைப்புக்கா. அதுவும் படிப்பு படிப்பாத்தான் தரும்.

காலை 8:45 – பெரியப்பா: சரி, பிள்ளைக்கு லாபம், புரியுது. காலேஜுக்காரன் எதுக்கு இவ்வளவு பாடுபடுறான்? சேவைக்கா?

காலை 9:02 – வாசுகி சித்தி: அவங்களுக்கும் வேணும் அத்தான். ஒரு பல்கலைக்கழகம் நாக்ல நாலுக்கு 3.51 வாங்கினா ஏ ப்ளஸ் ப்ளஸ். 2018ல வந்த யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி அந்தப் பல்கலைக்கழகம் முதல் வகை ஆயிடும். அரசுப் பணம் கேக்காத வரைக்கும் புதுப் படிப்பு, புதுத் துறை எல்லாம் யூ.ஜி.சி. அனுமதிக்குக் காத்திருக்காம தொடங்கலாம். வெளிநாட்டுப் பேராசிரியர், வெளிநாட்டு மாணவர்களைச் சேக்கலாம். மத்திய நிதி கேட்டாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட ஒப்பந்தம்னு போனாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. அட்மிஷனுக்கும் உதவும், மறைக்க ஒண்ணுமில்ல.

காலை 9:10 – வாசுகி சித்தி: லஞ்ச விஷயம் நீங்க சொன்னது உண்மைதான். அன்னைக்கு எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரும் வாயே திறக்கல. நேர்மையா உழைச்சவங்களுக்கு அது செருப்படி. நான் முன்னாடி இருந்த ஒரு காலேஜ்ல, குழு வர மூணு நாளைக்கு முன்னாடி நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அது இன்னும் மனசை அறுக்குது. அடுத்த வருஷமே அங்கிருந்து வந்துட்டேன்.

காலை 9:12 – பெரியப்பா: இதைத்தான் நானும் சொல்லுதேன்.

காலை 9:31 – வாசுகி சித்தி: இதையும் கேளுங்க அத்தான். இப்ப இருக்கிற இடத்துல என்.பி.ஏ.வுக்காக ஒவ்வொரு பரீட்சைக் கேள்வியையும் எந்தப் பாட நோக்கத்தைச் சோதிக்குதுன்னு குறிச்சு, பிள்ளைங்க மார்க்கைக் கேள்வி வாரியா பதியணும். எனக்கும் முதல்ல எரிச்சல்தான். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்ங்கிற பாடத்துல மூணாவது நோக்கம் ரெண்டு வருஷமா கீழயே கிடந்துச்சு. விடைத்தாளை எல்லாம் திருப்பி எடுத்தோம். டிரான்ஸ்ஃபார்ம் வரைக்கும் சரியாத்தான் போட்டிருக்காங்க. கடைசியில பின்னத்தைப் பிரிச்சு எழுதுற இடத்துல வந்து நின்னுடுறாங்க. யாருன்னு பாத்தா முக்காவாசி பேர் டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷத்துல சேந்த பிள்ளைங்க. முதல் வருஷக் கணக்கு அவங்களுக்கு நடத்தவே இல்ல!

காலை 9:33 – வாசுகி சித்தி: அதுவரைக்கும் நாங்க என்ன சொல்லிட்டு இருந்தோம் தெரியுமா? டிப்ளமோ பிள்ளைங்களுக்கு அக்கறை இல்லன்னு. இப்ப ஆகஸ்ட்ல பத்து நாள் சாயங்காலம் கணக்கு மட்டும் எடுக்கறோம். அதுல ஒரு பையன், அப்பா லாரி ஓட்டுறாரு, போன வருஷம் அந்தப் பேப்பர்ல வகுப்புலயே முதல் மார்க். அந்த அட்டவணை இல்லன்னா அவன் எங்க கண்ணுல பட்டிருக்கவே மாட்டான்.

காலை 9:40 – அம்மா: நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை 🙏

காலை 9:48 – பெரியப்பா: இது தெரியாமப் போச்சும்மா. அப்ப காலேஜுக்குப் போய் என்ன கேக்கணும்?

காலை 9:55 – வாசுகி சித்தி: என்.பி.ஏ. தளத்துல காலேஜ் பேரு, படிப்பு, டயர், எந்த வருஷம் வரைக்கும்னு எல்லாம் இருக்கும். மூணு வருஷத்துக்கும் தருவாங்க, ஆறு வருஷத்துக்கும் தருவாங்க. தேனு படிப்பை முடிக்கிற வருஷம் அதுக்குள்ள வருதான்னு பாருங்க. நேர்ல போனா, இந்த மதிப்பீட்டுக்கு அப்புறம் ஈ.சி.ஈ.ல என்ன மாத்தினீங்கன்னு துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி.கிட்ட கேளுங்க. செஞ்சிருந்தா உடனே சொல்லுவாங்க. இல்லன்னா ஃபைலைத் தேடுவாங்க.

காலை 10:26 – தேன்மொழி: பாத்துட்டேன் சித்தி. முதல் காலேஜ்ல ஈ.சி.ஈ.க்கு இல்லவே இல்ல, சிவிலுக்கு மட்டும்தான். ரெண்டாவது டயர் 2. மூணாவது டயர் 1, ஆனா 2027 ஜூன் வரைக்கும்தான். நான் முடிக்கிறது 2029ல்ல?

காலை 10:28 – செல்வா அண்ணா: சபாஷ் தேனு. புதுப்பிக்க விண்ணப்பிப்பாங்களான்னு கேளு. போன தடவை எத்தனை வருஷத்துக்குக் கிடைச்சதுன்னும் கேளு.

காலை 10:31 – அம்மா: செவ்வாய்க்கிழமை மூணாவது காலேஜுக்கு நேர்ல போறோம். அத்தான், நீங்களும் வாங்க. ஹெச்.ஓ.டி.கிட்ட நீங்கதான் பேசணும்.

காலை 10:33 – பெரியப்பா: வாரேன். லேப்பையும் திறந்து காட்டச் சொல்லுவேன். வாசுகி, அந்தக் கேள்வியை இன்னொரு தடவை தெளிவா அனுப்பு, தாள்ல எழுதி வச்சிக்கிடுதேன்.