பழைய கல்வீடு: சுவரிலை உப்புப் பூக்குது, நாங்களே கொத்திப் பூசலாமோ?

முனைவீடு
பருத்தித்துறையிலை கடலுக்குக் கிட்ட பழைய கல்வீடு. சுவர் ஒண்டரை அடித் தடிப்பு, முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பிறகு ஆரோ உள்பக்கம் முழுக்கச் சீமெந்து பூசி, புட்டி வைச்சு, இமல்ஷன் அடிச்சிருக்கினம். இப்ப நிலத்திலையிருந்து மூண்டடி உயரத்துக்குப் பெயின்ற் பொக்களிச்சுக் கொட்டுது. உரிச்சுப் பாத்தால் உள்ளுக்குப் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு.

நானும் இவருமாய்ச் சனி ஞாயிறிலை அறை அறையாய்த் திருத்தப் போறம். முதல் அறை 12க்கு 10 அடி. மேசன் சொல்லுறார், கொத்திப்போட்டு வாட்டர்புரூவ் கலந்த சீமெந்தாலை திரும்பப் பூசச் சொல்லி. அது சரி வருமோ? எவ்வளவு உயரம் கொத்துறது, சாமான் எவ்வளவு எடுக்கிறது? வயரும் புதுசாய் இழுக்கோணும், நிலத்துக்கு ரைல்ஸ் போடுற யோசனையும் இருக்கு. எது முதல்?

மட்டப்பலகை
தங்கச்சி, வாட்டர்புரூவ் வேண்டாம். உங்கடை சுவர் நிலத்திலையிருந்து ஈரத்தை உறிஞ்சி முகத்தாலை ஆவியாய் விடுற சுவர். சீமெந்தும் இமல்ஷனும் அந்த வழியை அடைச்சுப் போட்டுது. வெளியேற இடமில்லாத தண்ணி பெயின்றுக்குப் பின்னாலை வந்து காயுது, அதிலை கரைஞ்சிருந்த உப்பு அங்கையே பளிங்காய் வளர்ந்து பூச்சைத் தள்ளுது. வாட்டர்புரூவ் பூசினால் இண்டைக்கு மூண்டடியிலை நிக்கிற ஈரம் நாளைக்கு அஞ்சடிக்கு ஏறும். பூசி முதல் வருசம் சுவர் நல்லாய்த்தான் தெரியும், அதுதான் ஆக்களை ஏமாத்துறது.

கொத்த முதல் வெளியாலை போய்ச் சுவரடியைப் பாருங்கோ. வெளிமண் உள்நிலத்தைவிட ஆறு அங்குலமாவது பதிவாய் இருக்கவேணும். சுவரோடை ஒட்டிப் போட்ட சீமெந்துத் தரை, ஒழுகிற பீலி, பூக்கண்டு வைக்கிற பாத்தி, கிணத்தடித் தண்ணி ஓடுற வாய்க்கால், இதுகளைத் திருத்தாமல் உள்ளுக்குப் பூசுறது வீண்வேலை.

கொத்துற உயரம்: உப்பு தெரியிற கோட்டுக்கு மேலை இன்னும் ஒரு அடி. உங்களுக்கு நாலடி. அதுக்கு மேலை விரல் மொழியாலை தட்டிக்கொண்டு போங்கோ, டொப் டொப் எண்டு வெறுஞ்சத்தம் கேக்கிற இடமெல்லாம் கழரும். உளியைச் சரிச்சு வைச்சு விளிம்பிலையிருந்து நெம்புங்கோ. பிறேக்கர் மெசின் வேண்டாம், அது முருகைக்கல்லைப் பொடியாக்கும். கல்லுக்கு இடையிலை உளுத்த சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கோ.

உப்பைத் தண்ணியாலை கழுவிப் போடாதேங்கோ, கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளை போகும். காஞ்ச தும்பு பிறஷாலை தட்டி, கூட்டி அள்ளி வளவுக்கு வெளியிலை கொட்டுங்கோ. ஒரு மாதம் திறந்து விட்டால் இன்னும் பூக்கும். பூக்கப் பூக்கக் கூட்டுங்கோ.

கணக்கு: சுத்தளவு 44 அடி, கதவைக் கழிச்சால் 40. நாலடி உயரம் எண்டால் 160 சதுர அடி. முக்கால் அங்குலத் தடிப்புக்கு 10 கன அடி சாந்து, கல்லிடுக்கு நிரப்ப இன்னும் 3. ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு (தூளைத் தண்ணியிலை ஊறவைச்சு எடுக்கிறது) மூண்டு பங்கு மணல். களி மணலின்ரை இடுக்குக்குள்ளை போறதாலை சாந்தின்ரை அளவு மணலின்ரை அளவுதான், கூடாது. ஆக மணல் 13, அரிக்கிற கழிவோடை 15 கன அடி. ஒரு கியூப் எண்டது 100 கன அடி, முழுக்கியூப் ஏத்திப் போடாதேங்கோ. நீத்தின சுண்ணாம்புத் தூள் கிட்டத்தட்ட 75 கிலோ. 25 கிலோப் பை மூண்டு மட்டுமட்டு, நாலு எடுங்கோ.

கடல் மணல் ஒரு தாச்சிகூட வேண்டாம். சாந்து குழைக்கிற தண்ணியும் உவர்க்கிணத்துத் தண்ணியாய் இருக்கக்கூடாது. உப்பை எடுக்கத்தானே இவ்வளவு பாடும்.

வயர்ப்பெட்டி
வரிசை இதுதான்: வெளித்தண்ணி, கொத்து, வயர், பூச்சு, கடைசியாய் நிலம். பூசினாப் பிறகு வயருக்குத் தவாளிப்பு வெட்டினால் புதுப்பூச்சு கல்லிலையிருந்து விட்டுப்போகும்.

தவாளிப்பையும் குழாயையும் நீங்கள் செய்யலாம். இணைப்பும் போர்ட்டும் லைசென்ஸ் உள்ள எலெக்ரீசியன்ரை வேலை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் போடச் சொல்லுங்கோ, இது ஈரச்சுவர் வீடு. சுவருக்குள்ளை பதிக்கிற பெட்டி பிளாஸ்ரிக்கில் எடுங்கோ, இரும்பெண்டால் உப்பு தின்னும். பிளக் எல்லாத்தையும் உப்புக்கோட்டுக்கு மேலை, நாலரை அடியிலை வையுங்கோ. பாக்க வடிவில்லைத்தான்.

நிலத்துக்கு ரைல்ஸ் எண்டதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். நிலத்தை முழுக்க மூடினால் அதுக்குக் கீழை நிக்கிற ஈரம் சுவர்ப்பக்கம்தான் ஒதுங்கும். இருக்கிற சிவப்புச் சீமெந்து நிலம் வெடிக்காமல் இருந்தால் மினுக்கி வைச்சிருங்கோ. கதவு நிலையிலை இருக்கிற பழைய எனாமலைக் காஞ்சபடி மட்டத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம், ஈயம் இருக்கலாம். நனைச்சுத் தேயுங்கோ, சின்னப்பிள்ளையளை அண்டவிடாதேங்கோ.

முனைவீடு
நன்றி அண்ணை. ரைல்ஸ் இல்லையெண்டதிலை இவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். மேசன் இப்ப "சரி, சுண்ணாம்பு எண்டாலும் ஒரு பிடி சீமெந்து போடு, அப்பதான் பிடிக்கும்" எண்டுறார். போடலாமோ? பூசுற விதத்தையும் ஒருக்கால் சொல்லுங்கோ.

சுண்ணாம்புச்சட்டி
ஒரு பிடியும் வேண்டாம். அந்தளவு சீமெந்து பலமும் தராது, சுண்ணாம்பு ஆறுதலாய் இறுகிறதையும் குழப்பும்.

தூளை முதல் நல்லதண்ணியிலை ஊறப்போடுங்கோ. குறைஞ்சது ஒரு நாள், ஒரு கிழமை கிடந்தால் தயிர்க்கட்டி மாதிரி வரும். மேலை எப்பவும் இரண்டு அங்குலம் தண்ணி நிக்கவேணும். நீறாத சுண்ணாம்புக்கட்டி வாங்கினால் தகர வாளியிலை தண்ணியை விட்டு, அதுக்குள்ளை கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடுங்கோ. கட்டிக்கு மேலை தண்ணி ஊத்தினால் கொதிச்சுச் சிதறும், பிளாஸ்ரிக் வாளி உருகும். கண்ணாடியும் றப்பர்க் கையுறையும் இல்லாமல் தொடவேண்டாம். கண்ணிலை பட்டால் கால் மணித்தியாலமாவது நல்லதண்ணியாலை கழுவிப்போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் போத்தல் காணும். பாதிக்கு மணல், மேலை தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி மூண்டு மணித்தியாலம் வையுங்கோ. 10 சென்ரிமீற்றர் மணலுக்கு மேலை 8 மில்லிமீற்றருக்குக் கூடக் களிமண் படிஞ்சால் கழுவித்தான் எடுக்கவேணும், இல்லாட்டில் பூச்சு வெடிக்கும்.

பூச முதல் நாள் பின்னேரமும் பூசுற அண்டு காலமையும் சுவரை நனையுங்கோ, ஆனால் தண்ணி வழியக்கூடாது. இடுக்கு எல்லாத்தையும் முதல் நிரப்பி நாலஞ்சு நாள் விடுங்கோ. பிறகு அரை அங்குலத்துக்கு முதல் பூச்சு, மேலை ஆணியாலை குறுக்கும் மறுக்குமாய்க் கீறுங்கோ. ஏழு தொடக்கம் பத்து நாளாலை கால் அங்குல மேல்பூச்சு. பெருவிரலாலை அழுத்தினால் அடையாளம் மட்டும் விழுந்து விரல் புதையாத நேரம் பாத்து மரக்கட்டையாலை தேயுங்கோ. இரும்புக் கரண்டியாலை கண்ணாடி மாதிரி மினுக்கினால் முகம் மூடிப்போகும், உள்ளுக்குக் காத்துப் போகாமல் சுண்ணாம்பு இறுகாது.

மாரி தொடங்க முதல், மாசியிலையிருந்து ஆவணிக்குள்ளை முடியுங்கோ. ஆனால் சோளகம் வீசத் தொடங்கினால் காத்து ஒரே நாளிலை உலர்த்திப்போடும், கையாலை தடவ மா மாதிரிக் கொட்டும். அந்தக் காலம் யன்னலுக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, ஒரு கிழமைக்கு நாளுக்கு மூண்டு தரம் தண்ணி தெளியுங்கோ.

பெயின்ற்றுக்குப் பதிலாய்ச் சுண்ணாம்பைக் கரைச்சு வெள்ளை அடியுங்கோ. பால் பதத்திலை மெல்லிசாய் நாலு தொடக்கம் அஞ்சு தரம், ஒவ்வொரு தரமும் சுவரை நனைச்சு, ஒரு நாள் இடைவிட்டு. அடிக்கேக்கை ஒண்டும் அடிக்காத மாதிரித் தண்ணியாய்த்தான் தெரியும், காயக்காயத்தான் வெளுக்கும். வெளுக்கேல்லை எண்டு தடிப்பாய் அடிச்சால் செதில் செதிலாய் எழும்பும். நாலடிக்கு மேலை மிஞ்சியிருக்கிற இமல்ஷனுக்கு மேலை சுண்ணாம்பு பிடிக்காது, அதையும் சுரண்டியாகவேணும்.

மட்டப்பலகை
இன்னொண்டு. இப்ப பூசுற இந்தச் சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குள்ளை மிஞ்சியிருக்கிற உப்பை இழுத்து வைச்சுக்கொள்ளும். சில வருசத்தாலை அடியிலை இரண்டடிக்குத் திரும்பப் பூத்தால் பயப்படாதேங்கோ, அந்தத் துண்டை மட்டும் கொத்தித் திரும்பப் பூசுறதுதான். அலுமாரியைச் சுவரோடை ஒட்டாமல் மூண்டு அங்குலம் தள்ளி வையுங்கோ.