சந்திரகாந்தக் கல் மோதிரம்: ஓர் உதவி தேவை

வணக்கம் உறவுகளே. அம்மம்மா தந்த வெள்ளி மோதிரத்தில் மீட்டியாகொடைச் (தென்னிலங்கையில் இந்தக் கல் தோண்டும் ஊர்) சந்திரகாந்தக் கல் (மூன்ஸ்டோன்) பதித்திருக்கிறது. நிலா வெளிச்சத்தில் நீர் கசியும், மனச்சூட்டைத் தணிக்கும் என்பார். கசிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் விரலைத் திருப்பினால் உள்ளே ஒரு நீல ஒளி ஓடும் பாருங்கள், அது அழகு!

போன கிழமை மோதிரத்தோடேயே நிலாவெளிக் கடற்கரையில் கடலில் இறங்கிவிட்டேன் (மடத்தனம்தான்). மணல் உரசிக் கல் மங்கிவிட்டது. கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் இது 6 முதல் 6.5 வரைதான், மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவியும் கீறல் போகவில்லை. கடைக்காரர் ஒருவர் அல்ட்ராசோனிக் மெஷினில் (ஒலி அதிர்வால் கழுவுவது) போடலாம் என்கிறார். எளிதில் பிளக்கும் கல், பயமாக இருக்கிறது.

திருகோணமலை டவுனுக்குள் இந்தக் கல்லைப் பொலிஷ் பண்ணத் தெரிந்த பத்தர் யாராவது இருக்கிறார்களா? கல்லைக் கழற்றாமல் செய்ய முடியுமா?