காரை விழுந்த இடம் ஒன்று, தண்ணீர் இறங்கிய இடம் வேறு

எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கம். 1993-ல் அப்பா கட்டியது. போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அம்மா எழுந்து வாசல் தெளிக்கப் போன பிறகு, அவர் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தில் மேல்தளக் காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாளம். இதை எழுதும்போதும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

அங்கே நாலைந்து வருடமாகவே ஓதம் இருந்தது. முதலில் டீ கொட்டிய மாதிரி ஒரு வட்டம், அப்புறம் வெள்ளையாக உப்பு பூத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். அது பெரிய தப்பு. கறை மறைந்ததே தவிர உள்ளே ஈரம் அப்படியேதான் இருந்தது.

விழுந்த பள்ளத்தில் கம்பி தெரிந்தது. விரல் பட்டதும் ஏடு ஏடாக உரிந்தது. 8 மில்லிமீட்டர் கம்பி சில இடங்களில் பாதியாக மெலிந்திருந்தது. கொத்தனார் அண்ணன் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ‘ணங்’ என்றது, பொருமிய இடம் ‘பொத்’ என்றது. ‘பொத்’ என்றதையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டார். அறையில் பாதி அதற்குள் வந்துவிட்டது.

கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கிற வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றும் உப்பு ஈரமும் உள்ளே போகப் போக அந்தக் காப்பு போய்விடும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அது நெட்டித் தள்ளுவதில்தான் காரை உடைகிறது. எங்கள் தளத்தில் கம்பிக்குக் கீழே அரை அங்குலக் கான்கிரீட்கூட இல்லை. கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் கட்டை வைக்காமலே ஊற்றியிருக்கிறார்கள்.

சரி, தண்ணீர் எந்த வழியாக வந்தது? கறைக்கு நேர் மேலே மாடியில் ஒரு வெடிப்பும் இல்லை. பகுதி பகுதியாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். எட்டடி தள்ளி, கைப்பிடிச்சுவர் அடியில் கட்டியபோதுதான் கீழே சொட்டியது. வருடா வருடம் அங்கே முளைக்கும் அரசங்கன்றை நான் ஒடித்துப் போட்டுவிடுவேன். வேர் மாடியில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் போய்விட்டது. அந்த வழியாக இறங்கிய தண்ணீர், ஓட்டுக்கு அடியில் உள்ள சுண்ணாம்பு ஜல்லி அடுக்குக்குள்ளேயே வாட்டத்தில் ஓடி, கீழே கான்கிரீட் தளத்தில் வெடிப்பு கிடைத்த இடத்தில் கசிந்திருக்கிறது.

வேரைத் தோண்டி எடுத்து, சுவரும் தளமும் சேரும் மூலையை முதலில் அடைத்தோம். அதற்கப்புறம்தான் கீழே கை வைத்தோம்: பொருமியதைக் கொத்தி, கம்பியைத் தேய்த்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டிப் பூசினோம். இந்த வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள்.

*

மேலே எழுதியவர் வீடு கான்கிரீட். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தளம்; தாத்தா காலத்துத் தேக்கு உத்தரம். ஒழுகுகிறது என்று சொன்னதும் ஒருவர் மேலே கனமாகச் சிமென்ட் பூசிவிட்டுப் போனார். இரண்டு கோடை வெயிலில் அது மயிரிழையாக வெடித்தது. அந்த வெடிப்பில் இறங்கிய தண்ணீரைப் பழைய சுண்ணாம்புத் தளம் குடித்தது. ஆனால் மேலே சிமென்ட் மூடியிருந்ததால் காய வழியில்லை.

உத்தரம் நடுவில் உறுதியாகத்தான் இருந்தது. சுவருக்குள் செருகியிருந்த முனையில் ஆணியை அழுத்தினேன், ஈரக் கேக்குக்குள் போவது போல ஒரு விரல்கடை இறங்கியது. மரம் இற்றுப்போவது அந்த முனையில்தான், கண்ணுக்கே தெரியாது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே குத்திப் பாருங்கள். நாங்கள் இரும்பு ஐ-பீம் கொடுத்துத் தாங்கியிருக்கிறோம். சிமென்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே தளம் போடத் தெரிந்த ஆள் தேடுகிறேன்.

*

நாகப்பட்டினம் வீட்டைப் பற்றிய முதல் பதிவைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். வடிகுழாய் வாயில் வேப்பிலைச் சருகு ஒரு சாண் உயரத்துக்கு மக்கிக் கிடந்தது, அதற்குள் அரசங்கன்று இரண்டு. நாளைக்குக் கொத்தனார் வருகிறார்.