புதுப்பிப்பு: ரேடியேட்டரில் ஆயில் மிதந்த லாரி

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்ததும் ரேடியேட்டரில் காபி நிறத்தில் கொழகொழவென்று ஆயில் மிதக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று பலர் சொன்னீர்கள். இல்லை, போனது ஆயில் கூலர்தான், அதாவது இன்ஜின் ஆயிலை ரேடியேட்டர் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம்.

ஹெட் கேஸ்கெட் போனால் வழக்கமாக ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். இரண்டுமே இல்லை. "ஹெட்டில் கை வைக்க வேண்டாம்ணா, முதலில் கூலரைப் பார்ப்போம்" என்றார் கிருஷ்ணகிரி பட்டறைத் தம்பி. கூலரின் ஒரு வாயை அடைத்து, இன்னொன்றில் காற்று ஏற்றி, வெந்நீரில் முக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு தகடுகள் சேரும் ஓரத்திலிருந்து கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகிறது. சூட்டோடு வண்டியை நிறுத்தினால் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கலாம். அப்படி இறங்கினால் பேரிங் காலி. ஆகவே ஆயிலையும் ஃபில்டரையும் கூடவே மாற்றினோம்.

தகட்டைப் பற்றவைத்து ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புது கோர் (கூலருக்குள் இருக்கும் தகட்டு அடுக்கு), புது கேஸ்கெட், புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டாயிற்று. பழைய கோரின் தண்ணீர்ப் பக்கம் முழுக்க வெள்ளை உப்புப் படிவம். நம் பக்கத்து போர் தண்ணீரைத் தயவுசெய்து ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள்.

ஆயில் பட்ட ஹோஸ்கள் ஊறி மெத்தென்று ஆகிவிட்டன, அவற்றையும் மாற்றினோம். ரேடியேட்டரைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியும் தண்ணீரின் மேலே லேசாக எண்ணெய்ப் படலம் தெரிகிறது. இன்னொரு முறை கழுவிவிட்டுத்தான் கூலண்ட் ஊற்றப் போகிறோம்.